ஒரு தந்தியும் ஒரு மக்காச்சோளமும்

குழந்தைகள் படம் என்றால் அதில் ஒரு சூனியக்காரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணனைக் கொன்று அரியணை ஏறும் ஒரு சிங்கமாவது இருக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது உயரத்திலிருந்து விழ வேண்டும். ஹாலிவுட் நமக்குப் பழக்கிவிட்ட சூத்திரம் இது. இதில் எதையும் சட்டை செய்யாத ஒரு கார்ட்டூன் படம் 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் வெளியானது. அதில் வில்லன் கிடையாது. அடிதடி கிடையாது. ஓர் அப்பா தன் இரண்டு பெண்களோடு கிராமத்து வீடு ஒன்றுக்குக் குடிவருகிறார். அம்மா சற்றுத் தள்ளி ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். குழந்தைகள் அவள் வீடு திரும்பக் காத்திருக்கிறார்கள். மொத்தக் கதையும் அவ்வளவுதான்.

ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கிய 'பக்கத்து வீட்டு டோட்டோரோ' என்ற அந்த 86 நிமிடப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன். போஸ்டரில் நிற்கும் பருத்த, சாம்பல் நிற, நீளக் காது வைத்த பிராணிக்காகப் பார்க்க வேண்டிய படம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிராணி அழகுதான். பொம்மையாக உலகம் முழுக்க விற்கிறது. படத்தை எடுத்த ஸ்டூடியோ கிப்லி அதையே தன் சின்னமாக வைத்துக்கொண்டுவிட்டது. ஆனால் டோட்டோரோ திரையில் வரும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சொற்பம். மீதி நேரமெல்லாம் படம் வேறொன்றைப் பற்றியது: ஒரு வீட்டுக்குள் நோய் நுழைந்துவிட்டால் அங்கே இருக்கும் குழந்தைகளுக்கு என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது.

அன்று தியேட்டருக்குப் போன ஜப்பானியர்கள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் பார்த்தார்கள். இன்னொன்று இசாவோ தகாஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை'. போரில் அம்மாவை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் சாகும் கதை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பெற்றோரின் நிலையை யோசித்துப் பாருங்கள். வசூல் பெரிதாக இல்லை. ஆனாலும் 'கினேமா ஜும்போ' பத்திரிகை அந்த வருடத்தின் சிறந்த ஜப்பானியப் படமாக டோட்டோரோவைத் தேர்ந்தெடுத்தது. கார்ட்டூன் என்று ஒதுக்கவில்லை.

கதை நடப்பது 1950களில். டோக்கியோவுக்கு அருகே டொகொரொசாவா, சயாமா குன்றுகள் என்று ஒரு பகுதி. மியாசாகி அந்த ஊர்வாசி. அம்மா இருக்கும் ஆஸ்பத்திரியின் பெயர் ஷிச்சிகொகுயாமா, 'ஏழு நாட்டு மலை' என்று பொருள். அந்தப் பக்கத்தில் நிஜமாகவே இருப்பது ஹச்சிகொகுயாமா, 'எட்டு நாட்டு மலை'. சினிமாவுக்காக ஒரு நாட்டைக் குறைத்துவிட்டார். அம்மாவுக்கு என்ன வியாதி என்று படத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜப்பானியர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. 1950 வரை அந்த நாட்டில் சாவுக்கு முதல் காரணமாக இருந்தது காசநோய். நகரத்தைத் தாண்டி, குன்றுக் காற்று வீசும் இடத்தில் ஓர் ஆஸ்பத்திரி என்றால் அது எதற்கு என்று வயதானவர்களுக்குச் சட்டென்று புரியும்.

மியாசாகியின் சொந்த அம்மாவுக்கும் காசநோய்தான். முதுகெலும்பைத் தாக்கியது. 1941ல் பிறந்த மகனுக்கு ஆறு வயதாகும்போது படுத்தவர், பல வருடங்கள் படுக்கையில் இருந்தார். பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதியை அந்தப் பையன் நோயாளி அம்மாவோடு கழித்திருக்கிறான். படத்தில் கற்பனை என்று சொல்லத்தக்கது காட்டில் இருக்கும் பிராணி மட்டும்தான் என்று எனக்குத் தோன்றும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூத்தவள் சத்சுகி, பள்ளியில் படிக்கிறாள். இளையவளுக்கு நான்கு வயது. இரண்டு பெயர்களுக்கும் பொருள் ஒன்றே. சத்சுகி என்பது பழைய ஜப்பானிய மொழியில் ஐந்தாம் மாதம். இளையவள் பெயர் ஆங்கில 'மே' மாதம், ஜப்பானிய வாயில். முதலில் மியாசாகி யோசித்த கதையில் ஒரே ஒரு சிறுமிதான். பிறகு அவளையே இரண்டாகப் பிரித்தார். போஸ்டரில் பஸ் ஸ்டாப்பில் டோட்டோரோ பக்கத்தில் குடையோடு நிற்பவளை உற்றுப் பாருங்கள். அவள் அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. இருவரும் கலந்த ஒருத்தி.

இளையவள் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? 'மே' என்றால் ஆடு கத்துவது போல இருக்கிறது. (படத்தில் அவளை ஓர் ஆடு வழிமறிக்கவும் செய்கிறது.) மொழிபெயர்த்துப் பிழைப்பவளுக்கு இதெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும் சங்கதிகள். ரோமன் எழுத்தில் எழுதுவதை அப்படியே பெயர்த்து 'மெய்' என்று எழுதிக்கொண்டேன். உச்சரிப்பு கொஞ்சம் பிசகும், பரவாயில்லை. இந்தக் குழந்தை சொல்வது பொய்யா மெய்யா என்பதைச் சுற்றித்தான் படத்தின் முதல் பாதியே ஓடுகிறது.

டோட்டோரோ என்ற பெயரும் ஒரு மழலைதான். மேலைநாட்டுக் கதைப் புத்தகத்தில் வரும் ட்ரோல் என்ற பூதத்தை ஜப்பானியர்கள் 'டொரோரு' என்பார்கள். நாக்குத் திரும்பாத மெய் அதை டோட்டோரோ ஆக்கிவிடுகிறாள். நம் வீட்டுப் பிள்ளை ராட்சசனை 'ராச்சன்' என்று சொல்ல, அதுவே வீட்டில் நிலைத்துவிடுவது மாதிரி. சப்டைட்டிலில் இது எப்போதும் கைநழுவிப் போகிறது.

அப்பா பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறையில் இருக்கிறார். ஒரு நாள் அவர் ஜன்னலோர மேஜையில் புத்தகங்களுக்குள் மூழ்கியிருக்க, மெய் தனியாகத் தோட்டத்தில் அலைகிறாள். ஒரு புதர்ச் சுரங்கத்துக்குள் தவழ்ந்து போய், பிரம்மாண்டமான கற்பூர மரத்தின் பொந்துக்குள் விழுகிறாள். அங்கே தூங்கிக்கொண்டிருக்கும் டோட்டோரோவின் வயிற்றில் ஏறி உட்கார்ந்து, பெயர் விசாரித்துவிட்டு, அப்படியே தூங்கிப் போகிறாள். அக்கா தேடிக் கண்டுபிடிக்கும்போது அவள் புதருக்குள் தரையில் கிடக்கிறாள். நடந்ததைச் சொல்கிறாள். வழி காட்டப் போனால் வழியே இல்லை. அக்காவும் அப்பாவும் சிரித்துவிடுகிறார்கள். தான் பொய் சொல்லவில்லை என்று முகம் கடுகடுக்க நிற்கிறாள் மெய்.

இந்த அப்பா அடுத்துச் செய்வதை நான் ரிமோட்டால் திரும்பத் திரும்பப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 'ஆமாண்டா செல்லம்' என்று அவர் கொஞ்சி மழுப்புவதில்லை. கனவு கண்டிருப்பாய் என்று திருத்தவும் இல்லை. நீ பொய் சொல்வதாக நாங்கள் யாரும் நினைக்கவில்லை, இந்தக் காட்டின் சொந்தக்காரரைச் சந்தித்திருப்பாய், அது பெரிய அதிர்ஷ்டம், ஆனால் நினைத்தபோதெல்லாம் கிடைக்காது என்கிறார். அத்தோடு விடுவதில்லை. இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு படியேறிப் போய், கயிறு கட்டி வைத்திருக்கும் அந்த மரத்துக்கு முன்னால் நின்று, என் பெண்ணைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி, இனிமேலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குனிந்து வணங்குகிறார். பெண்களும் குனிகிறார்கள்.

தமிழ் படித்தவளுக்கு இந்த மரம் அந்நியமாக இல்லை. நற்றிணையில், விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்து மரமான ஒரு புன்னையைத் தன் உடன்பிறந்தாளாக நினைத்து, அதன் நிழலில் காதலனோடு பேசக் கூசுகிறாள் ஒரு பெண். அந்த உறவைச் சொல்லிக் கொடுத்தது அவளுடைய அம்மா. பெரியவர்கள் நிஜமாக எடுத்துக்கொண்டால்தான் குழந்தைகளுக்கு அது நிஜம்.

நிஜமாக எடுத்துக்கொண்டவர்கள் படத்துக்கு வெளியேயும் இருக்கிறார்கள். சயாமா குன்றுகளில் மிஞ்சியிருக்கும் காட்டை மனை வியாபாரிகளிடமிருந்து காப்பாற்ற 1990ல் டோட்டோரோ பெயரால் ஒரு நிதி தொடங்கினார்கள். பொதுமக்கள் தந்த பணத்தில் 1991ல் முதல் துண்டு நிலம் வாங்கினார்கள். இப்போது அப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் அவர்கள் கையில் இருக்கின்றன.

குடிவந்த அன்று இருட்டு அறைகளில் கரிப்பந்து மாதிரி ஏதோ சிதறி ஓடுவதைக் குழந்தைகள் பார்க்கிறார்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் அப்படித்தான் மயங்கும் என்கிறார் அப்பா. பக்கத்து வீட்டுப் பாட்டியோ, அவை ஒட்டடைப் பூச்சிகள், ஆளில்லாத வீட்டில் சேரும், நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன் என்கிறாள். இரண்டு விளக்கமும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருக்கின்றன. ராத்திரி காற்று வீட்டையே உலுக்கும்போது, மூவரும் குளியல் தொட்டிக்குள் இருக்கிறார்கள். பயந்த முகத்தோடு சுருங்கும் பெண்களைப் பார்த்து அப்பா வேண்டுமென்றே உரக்கச் சிரிக்க ஆரம்பிக்கிறார். அவர்களும் சிரிக்கிறார்கள். பயப்படாதே என்று அவர் சொல்வதில்லை.

பின்னர் மூவரும் ஒரே சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பேய் வீடு என்றால் உனக்குப் பிடிக்காதா என்று மெய் கவலையோடு கேட்க, எனக்கும் பார்க்க ஆசைதான் என்கிறாள் அம்மா. தங்கைக்குப் பின்னல் போட்டுவிட்டது யார் என்று விசாரிக்கிறாள். பிறகு மூத்தவளைத் திரும்பி உட்காரச் சொல்லித் தலை வாரிவிடுகிறாள். பெரியவளானால் என் முடியும் உங்களுடையது மாதிரி ஆகுமா என்று கேட்கிறாள் சத்சுகி. அந்தக் காட்சியில் அவள் முகத்தைப் பாருங்கள். படத்தில் அவள் குழந்தையாக இருக்கும் மிகச் சில நிமிடங்களில் அது ஒன்று.

ஏனென்றால் மற்ற நேரமெல்லாம் அவள் அம்மாவாக இருக்கிறாள். காலையில் அப்பா எழுந்திருக்க மறந்துபோக, மூன்று பேருக்கும் சாப்பாடு கட்டுவது அவள்தான். தங்கை அடம்பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்து நிற்கும்போது டீச்சரிடம் கேட்டு வகுப்பில் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வதும் அவள்தான். மழை ராத்திரியில் தூங்கும் தங்கையை முதுகில் சுமந்தபடி, அப்பா வரும் பஸ்ஸுக்காகக் குடையோடு நிற்கிறாள். அங்கேதான் டோட்டோரோ முதன்முதலாக அவளுக்குத் தெரிகிறது. ஓர் இலையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறது. நனைகிறதே என்று அப்பாவின் குடையை நீட்டுகிறாள். அதிசயத்தைக் கண்ட மாத்திரத்திலும் அவளுக்கு முதலில் தோன்றுவது யாருக்கு என்ன தேவை என்பதுதான். மூத்த பெண்ணாகப் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

சரி, வில்லன் இல்லாத ஊரில் ஆபத்து எங்கிருந்து வரும்? அரைகுறைச் செய்தியிலிருந்து. மியாசாகி இதை அமைத்திருக்கும் விதம் எனக்குப் பிடிபட நாலைந்து தடவை பார்க்க வேண்டியிருந்தது.

வார இறுதியில் அம்மா ஒரு நாள் வீட்டுக்கு வரப்போகிறாள் என்று எல்லாம் தயாராக இருக்கிறது. பாட்டியின் தோட்டத்தில் காய் பறிக்கிறார்கள். என் தோட்டத்துக் காயைத் தின்றால் உங்கள் அம்மா குணமாகிவிடுவாள் என்று பாட்டி வாஞ்சையோடு சொல்கிறாள். அப்போது தந்தி வருகிறது. ஆஸ்பத்திரியைத் தொடர்புகொள்ளவும் என்ற அளவில் ஒரு வரி. எதற்கு என்று இல்லை. நம் நாட்டில் 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தினார்கள். அதற்கு முன் தந்திக்காரர் சைக்கிள் வாசலில் நின்றாலே அழத் தொடங்கிய வீடுகளை அறிந்தவர்களுக்கு சத்சுகியின் வயிற்றில் என்ன நடந்திருக்கும் என்று தெரியும். தொலைபேசி இருக்கும் வீட்டுக்கு ஓடுகிறாள். அப்பாவைப் பிடிக்கிறாள். அவர் ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு, ஒன்றுமில்லை, ஜலதோஷம், வருவது தள்ளிப்போகிறது என்கிறார்.

உண்மையிலேயே அது ஜலதோஷம்தான். அப்பா ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் சத்சுகி நம்பவில்லை. துவைத்த துணியை மடித்து வைக்க வந்த பாட்டியிடம் அவள் முதல் தடவையாக வாய்விடுகிறாள். போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், ஜலதோஷம் மாதிரிதான், கொஞ்ச நாளில் வந்துவிடுவாள் என்றார்கள், அம்மா செத்துப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, வாயைத் திறந்து, அழகில்லாமல், சின்னக் குழந்தை மாதிரி அழுகிறாள்.

முன்பு எப்போதோ நல்லெண்ணத்தோடு பூசி மெழுகிச் சொன்ன ஒரு வார்த்தை, இன்று சொல்லும் உண்மையையும் செல்லாக்காசு ஆக்கிவிட்டது. அழும் அக்காவை மூலையில் நின்று பார்க்கிறாள் மெய். எல்லாவற்றையும் தாங்கிய அக்காவே அழுதால் விஷயம் பெரிது என்று அவளுக்குப் புரிகிறது. அவளிடம் இருக்கும் ஒரே மருத்துவக் குறிப்பு பாட்டி சொன்னது. பறித்து வைத்த மக்காச்சோளக் கதிரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழி தெரியாத ஆஸ்பத்திரிக்குத் தனியாக நடக்க ஆரம்பிக்கிறாள். பாட்டி ஆறுதலுக்குச் சொன்னது நான்கு வயதுக்காரிக்குக் கட்டளை ஆகிவிடுகிறது. இனி ஊரே அவளைத் தேடும். குளத்தில் ஒரு குழந்தைச் செருப்பு மிதக்கும். பாட்டி ஜெபமாலையை உருட்டியபடி நடுங்குவாள். அவள் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

இந்த இடத்தை நான் பதட்டமில்லாமல் பார்த்ததே இல்லை. காரணம் உண்டு. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. 'அம்மா ஊருக்குப் போயிருக்கா, பாட்டிக்கு ஒத்தாசையா' என்றார்கள் வீட்டில். இரண்டு வாரம் கழித்து அந்தப் பாட்டியிடமிருந்தே ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. உன் பெண்டாட்டிக்கு இப்போது எப்படி இருக்கிறது, ஆபரேஷன் எப்போது என்று அப்பாவைக் கேட்டு எழுதியிருந்தாள். தபால்காரர் அதை என் கையில்தான் கொடுத்தார். படித்துவிட்டு மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன். தம்பியிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் கேட்கவில்லை. கேட்டால் அவர் திண்டாடிப்போவார் என்று அந்த வயதுக்கே தெரிந்திருந்தது. நான்கு மாதம் கழித்து அம்மா பாதி ஆளாகத் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் ரொம்ப நாள், அவள் ரேஷன் கடைக்குப் போனாலும் நான் திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பேன்.

போன வருடம் பெங்களூரில் இருக்கும் தம்பியின் மனைவிக்கு ஓர் ஆபரேஷன் என்று முடிவானது. அவர்கள் பையனுக்கு ஆறு வயது. அவனிடம் என்ன சொல்வது என்று வீட்டில் விவாதம். ஆபீஸ் வேலையாக டூர் போயிருப்பதாகச் சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. அதே அம்மாதான்.

"சின்னக் குழந்தைக்கு எதுக்குடி அதெல்லாம்? உங்களுக்கு அப்ப சொன்னோமா? நல்லாத்தானே வளர்ந்தீங்க?"

இன்லண்ட் லெட்டர் விஷயத்தை அன்றுதான் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த லெட்டர் அப்பாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பையனோடு உட்கார்ந்து எல்லோரும் டோட்டோரோ பார்த்தோம். குளியல் தொட்டிக் காட்சிக்கு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சத்சுகி அழும் இடம் வந்தபோது அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. மறுநாள் பையனை மடியில் வைத்துக்கொண்டு தம்பிதான் விஷயத்தைச் சொன்னான்: அம்மாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி, டாக்டர் எடுக்கப் போகிறார், பத்து நாள் அங்கே இருப்பாள், மூன்றாம் நாள் நீ போய்ப் பார்க்கலாம். பையன் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ராத்திரி அம்மா பக்கத்துல யாரு படுத்துப்பா?" பாட்டி படுத்துப்பா என்றதும் விளையாடப் போய்விட்டான்.

படத்துக்குத் திரும்புவோம். ஓடி ஓடிக் களைத்த சத்சுகி கடைசியில் காட்டுக்குள் போய் டோட்டோரோவிடம் உதவி கேட்கிறாள். அது பூனை பஸ்ஸை வரவழைக்கிறது. பன்னிரண்டு காலோடு, வயிற்றுக்குள் ரோமத்தால் ஆன இருக்கைகளோடு ஓடும் பூனை. போகும் இடம் எழுதியிருக்கும் பலகை சுழன்று சுழன்று 'மெய்' என்று வந்து நிற்கிறது. கார்ட்டூன் என்ற கலை எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பலகையைக் காட்டுவேன். மெய் ஒரு பாதையோரத்தில், ஆறு கற்சிலைகளின் காலடியில் சோளக்கதிரோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சிலைகள் ஜிஸோ. குழந்தைகளையும் வழிப்போக்கர்களையும் காப்பவர் என்று ஜப்பானியர்கள் நம்பும் போதிசத்துவர். சமஸ்கிருதத்தில் க்ஷிதிகர்ப்பர் என்ற பெயரோடு இங்கிருந்து சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தவர். ஜிஸோ சிலை இருக்கும் ஒரு குடிலில் முன்பு ஒருமுறை மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் இவர்கள். ஜிஸோவுக்காக ஓர் ஒளிவட்டமோ இசையோ படத்தில் இல்லை. அவர் சும்மா நிற்கிறார். அது போதுமென்று விட்டுவிட்டார் மியாசாகி.

பூனை பஸ் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் விடுகிறது. பெண்கள் ஜன்னலுக்கு எதிரே ஒரு பைன் மரக் கிளையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அறைக்குள் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெறும் ஜலதோஷத்துக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் தந்தியடித்துவிட்டார்களே, குழந்தைகள் பயந்திருப்பார்கள் என்கிறாள் அம்மா. அந்த இரண்டும் வெளியே காட்டிக்கொள்ளாமல் நிறையப் பொறுத்துக்கொண்டிருக்கின்றன, அதிலும் சத்சுகி சொன்னதைக் கேட்கும் பெண், அதனால்தான் இன்னும் பாவமாக இருக்கிறது என்கிறாள். பொறுப்பான பெண், தங்கக் கம்பி என்று மூத்த பெண்களை மெச்சும் வசனங்களை எத்தனையோ படங்களில் கேட்டாயிற்று. பொறுப்பாக இருக்கிறாளே, அது அவளுக்குக் கஷ்டமாயிற்றே என்று ஓர் அம்மா வருத்தப்படுவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

குழந்தைகள் உள்ளே போவதில்லை. அம்மா சிரிப்பதைப் பார்த்தாயிற்று. ஜன்னல் விளிம்பில் சோளக்கதிரை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தோலில் 'அம்மாவுக்கு' என்று கீறியிருக்கிறது. அந்த மரத்தில் இப்போது சத்சுகியும் மெய்யும் சிரித்த மாதிரி இருந்தது என்கிறாள் அம்மா. அப்பா மறுத்துப் பேசவில்லை.

இவ்வளவு நல்லபடியாக ஒரு கதை முடியுமா என்ற சந்தேகம் சிலருக்குத் தீர்வதில்லை போலிருக்கிறது. டோட்டோரோ உண்மையில் எமன், குழந்தைகள் இரண்டும் செத்துப்போய்விட்டன, கடைசிக் காட்சியில் அவர்களுக்கு நிழல் இல்லை என்றெல்லாம் ஜப்பானில் ஒரு வதந்தி கிளம்பிப் பரவியது. 2007ல் ஸ்டூடியோ கிப்லியே அதெல்லாம் இல்லை என்று மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த வதந்தியை எனக்கும் மூன்று பேர் அனுப்பினார்கள். ஒருவர் பேராசிரியர். பயங்கரமான அர்த்தம் ஒளிந்திருந்தால்தான் ஆழமான படம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் அம்மாவின் ஜலதோஷம் போதவில்லை.

கிப்லி படங்கள் 2020ல் நெட்ஃப்ளிக்ஸ் மூலம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. டிஸ்னி செய்த ஆங்கில டப்பிங்கில் சகோதரிகளுக்குக் குரல் கொடுத்தவர்கள் டகோட்டா ஃபானிங், எல் ஃபானிங் என்ற நிஜ சகோதரிகள். நன்றாகவே இருக்கிறது. சப்டைட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் ஜப்பானிய மொழியிலேயே போடுங்கள். அந்தச் சின்னப் பெண் 'டோட்டோரோ' என்று முதல் தடவை சொல்லும் குரலை டப்பிங்கில் கொண்டுவர முடியவில்லை. பிள்ளையைத் தனியாக உட்கார்த்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட வேண்டாம். தந்தி வரும் இடத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும்.

இன்னொன்று. கடைசியில் பாட்டும் பெயர்களும் ஓடத் தொடங்கியதும், அடுத்த படம் பார்க்கிறீர்களா என்று ஒரு பெட்டி திரையை மூடிக்கொள்ளும். அதைத் தள்ளிவிட்டு இறுதிவரை பாருங்கள். பெயர்களுக்கு நடுவே சின்னச் சின்னப் படங்கள் வரும். அதில் ஒன்றில்தான் அம்மா காரிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருகிறாள். இன்னொன்றில் இரண்டு பெண்களையும் இரண்டு பக்கமும் படுக்க வைத்துக்கொண்டு கதைப் புத்தகம் வாசிக்கிறாள். எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டோம். பையன்தான் சோபாவின் மேல் ஏறி நின்று, "அத்தை, போகாதீங்க, அம்மா வந்துட்டா" என்று கத்தினான்.